பெரிய குடும்ப டென்ட் வாங்கும் முன் ஹாலில் பாயை விரித்துப் பாருங்கள்

போன தை மாதம், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கடலோரமாக உறவினர் ஒருவருக்கு இருக்கிற சவுக்குத் தோப்பில் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று எங்கள் வீட்டில் முடிவானது. நானும் வீட்டுக்காரரும், மாமியார், நாத்தனாரும் அவர் கணவரும், பிள்ளைகள் மூன்று பேர் என்று மொத்தம் எட்டுப் பேர். ஆன்லைனில் தேடி, பெட்டியில் ‘8 பேர்’ என்று போட்டிருந்த டென்டை 7,400 ரூபாய்க்கு வாங்கினோம். படத்தில் அரண்மனை மாதிரி இருந்தது. முதல் ராத்திரியே ஆளுக்கு ஆள் முழங்கை இடித்துக்கொண்டு, பைகளையெல்லாம் காரில் போட்டும் இடம் போதாமல் கிடந்தோம். மழை ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை, ஆனாலும் விடியற்காலையில் போர்வை எல்லாம் ஈரம். மூன்று மணிக்கு அடித்த சாதாரணக் காற்றுக்கே மணலில் அடித்திருந்த முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. இரண்டாம் ராத்திரிக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அதற்கப்புறம் ஒரு மாதம் விசாரித்து, அளந்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து வேறு டென்ட் வாங்கினேன். அது இரண்டு முறை போய் வந்தும் நன்றாக இருக்கிறது. நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். ஊருக்குக் கிளம்புகிற தேதிக்கு நான்கு வாரம் முன்னால் முதல் படியைத் தொடங்குங்கள். அதற்குக் குறைவாக நாள் இருந்தால் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்.

1. பெட்டியில் போட்டிருக்கும் ஆள் கணக்கை மறந்துவிட்டுப் பாய் கணக்குப் போடுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பணம் மிச்சம்.

டென்ட் செய்கிறவர்கள் ஒரு ஆளுக்கு ஏறத்தாழ 60 செ.மீ. அகலம், அதாவது இரண்டடி என்று கணக்கு வைக்கிறார்கள். ஒடுங்கிய மெத்தைகளை இடைவெளியே இல்லாமல் வரிசையாக அடுக்கினால் எத்தனை பிடிக்கும் என்பதுதான் அந்த எண். பைக்கு, செருப்புக்கு, தண்ணீர் கேனுக்கு, ராத்திரி எழுந்து நடக்கிற வழிக்கு எதற்கும் அதில் இடம் கிடையாது.

எங்கள் முதல் டென்டின் தரை 4 மீட்டருக்கு 2.4 மீட்டர், அடிக் கணக்கில் சுமார் 13-க்கு 8. இதில் 60 செ.மீ. கணக்குப்படி இரண்டு வரிசையில் நாலு நாலாக எட்டுப் பேர் வந்துவிடுவார்கள். ஆனால் நம் வீட்டு ஒற்றைக் கோரைப்பாய் 3 அடிக்கு 6 அடி. 13 அடிப் பக்கமாக அடுக்கினால் நான்கு பாய் விழும், கால்மாட்டில் இரண்டடிப் பட்டை மிஞ்சும், அதில் பைகளை வைக்கலாம். அவ்வளவுதான். எட்டு என்று விற்ற டென்டில் நாலு பாய்!

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஹாலில் இருக்கிற சாமான்களை ஒதுக்கிவிட்டு, நீங்கள் பார்த்து வைத்திருக்கிற டென்டின் உள்தரை அளவைச் சாக்பீஸால் தரையில் கோடு போடுங்கள். வெளி அளவைப் போடக்கூடாது. பல கடைகள் முன்பந்தல், கயிறு எல்லாம் சேர்த்த அளவைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன, ‘படுக்கும் அறை’ அளவு எங்கோ கீழே இருக்கும். கோட்டுக்குள் நான்கு பக்கமும் அரை அடி விட்டு இன்னொரு கோடு போடுங்கள். வளைந்த சுவர் இருக்கிற டென்டில் அந்த அரை அடியில் தலையோ காலோ வைத்தால் துணியில் இடிக்கும், அங்கே இருக்கிற ஈரம் போர்வைக்கு வந்துவிடும். இப்போது பாய்களை விரித்து, வீட்டில் எல்லாரையும் ஒரு பத்து நிமிஷம் படுக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு பாய் போதும். பத்து வயதைத் தாண்டினால் தனிப் பாய்தான்.

இந்த யோசனை என்னுடையது இல்லை. தோப்பிலிருந்து திரும்பி வந்த அன்று மாமியார்தான், “வாங்கறதுக்கு முன்னாடி பாயை விரிச்சுப் பாத்திருக்கலாமேம்மா” என்றார். கல்யாண வீட்டில் எத்தனை பேர் தங்கலாம் என்று அவர் அப்படித்தான் கணக்குப் பார்ப்பாராம்.

2. ஒன்றா இரண்டா என்று முடிவு செய்யுங்கள்

ஆறு பாய்க்கு மேல் தேவைப்பட்டால் ஒரே பெரிய டென்ட் வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பெரிசாகப் பெரிசாகக் காற்று பிடிக்கும் பரப்பு கூடுகிறது, நிறுத்தவே நாலு ஆள் வேண்டும், மடித்தால் 18 கிலோ 20 கிலோ வந்துவிடும், மரங்களுக்கு நடுவே அவ்வளவு சமதரையும் கிடைக்காது. நாங்கள் இப்போது இரண்டு அறை உள்ள ஒரு பெரிய டென்டும், ஆண்கள் இருவருக்கு ஒரு சின்ன டென்டும் வைத்திருக்கிறோம். ஒன்றில் ஏதாவது கிழிந்தால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியமும் உண்டு.

பெரிய டென்டில் நடுத்திரை கட்டாயம் பாருங்கள். பெண்கள் துணி மாற்ற அது இல்லாமல் முடியாது. அப்புறம் வாசல் இரண்டு இருக்க வேண்டும். என் மாமியாருக்குச் சர்க்கரை, ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார். ஒற்றை வாசல் டென்டில் ஒவ்வொரு தடவையும் தூங்குகிற பிள்ளைகளைத் தாண்டித் தாண்டிப் போனார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வாசல் உயரமும் முக்கியம். நடுவில் ஆறடி உயரம் என்று போட்டிருப்பார்கள், வாசல் மூன்றரை அடிதான் இருக்கும், குனிந்து தவழ்ந்து நுழைய வேண்டும். மடக்குக் கட்டில் போடுவதாக இருந்தால் கட்டிலின் உயரத்தையும் சேர்த்துச் சுவரின் சரிவைப் பாருங்கள்.

3. நம் ஊர் வெக்கைக்கும் பனிக்கும் ஏற்ற துணி

கடையில் எல்லாரும் மழையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நம் கடலோரத்தில் அதைவிடப் பெரிய தொல்லை வெக்கையும் உள் ஈரமும்.

எட்டுப் பேர் ராத்திரி முழுக்க மூச்சு விடுகிறார்கள். அந்த ஈரம் வெளியே போக வழியில்லை என்றால் பனியில் குளிர்ந்த துணியில் பட்டு நீராகி உள்ளேயே ஒழுகும். எங்கள் போர்வை நனைந்தது அப்படித்தான், ஒற்றைத் துணி டென்ட் அது. நீங்கள் இரட்டைச் சுவர் டென்ட் வாங்குங்கள். உள்ளே காற்றோட்டமான துணியும் கொசுவலையும், அதற்கு மேல் கைப்பிடி இடைவெளி விட்டு மழைத்துணி. கொசுவலை ஜன்னல் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும், உச்சியிலும் காற்றுத் துவாரம் வேண்டும். ராத்திரி பனிக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடிவிடாதீர்கள், மூடினால்தான் நனைவீர்கள்.

மழைத்துணிக்கு ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வார்த்தை மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம், மி.மீ. கணக்கு கேளுங்கள். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதற்கான அளவு அது. மேல்துணி 2,000 மி.மீ., தரை 3,000 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு ஏன் அதிகம் என்றால், நாம் முட்டி போட்டு உட்காரும்போது அந்த அழுத்தத்தில் ஈரம் கீழிருந்து மேலே ஏறும். தையல்களை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள், கண்ணாடி மாதிரி ஒரு நாடா ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாத டென்ட் என்ன எண் போட்டிருந்தாலும் தையல் வழியாக ஒழுகும்.

தரை, சுவரோடு சேர்த்துத் தைத்ததாக இருக்கட்டும். தனியாகத் தரைவிரிப்பு போடுகிற பெரிய டென்ட்கள் விலை குறைவு, ஆனால் தோப்பில் பூரான், தேள், பாம்பு எல்லாம் உண்டு, பிள்ளைகளோடு அந்த ஆபத்து வேண்டாம்.

உள்பக்கம் கறுப்பாக, வெளிச்சத்தைத் தடுக்கிற டென்ட்கள் வருகின்றன. விலை கூடுதல்தான், ஆனால் காலை ஆறரைக்கே கடல் பக்கமிருந்து வெயில் முகத்தில் அடிக்கிற ஊரில் அது பிரயோஜனம். பணம் இல்லையென்றால் டென்டுக்குக் கிழக்கே மரம் இருக்கிற மாதிரி இடம் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் போதும்.

4. கம்பி, ஜிப், முளை

கம்பிகளில் மூன்று வகை. கண்ணாடி இழைக் கம்பி விலை குறைவு, ஆனால் வளைவில் நீளவாக்கில் பிளந்து சிலாம்பு கையில் ஏறும். அலுமினியம் இலேசு, வளைந்தால் நிமிர்த்தலாம், விலை அதிகம். இரும்புக் குழாய் பெரிய டென்ட்களில் வரும், உறுதிதான், ஆனால் உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்த இடத்திலிருந்து துரு பிடிக்கும். வருஷத்துக்கு இரண்டு முறைதான் போவோம் என்றால் தடித்த கண்ணாடி இழையே போதும். ஆனால் உபரிக் கம்பி தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்னாலேயே கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த டென்டே வேண்டாம், ஒரு கம்பி போனால் முழு டென்டும் போச்சு.

ஜிப்பில் பிளாஸ்டிக் பல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உலோக ஜிப் கடலோரத்தில் இறுகிவிடும். கடையிலேயே பத்துத் தடவை திறந்து மூடுங்கள், துணியைக் கவ்வுகிறதா என்று தெரிந்துவிடும்.

முளைதான் நாங்கள் ஏமாந்த இடம். பெட்டிக்குள் வருகிற மெல்லிய கம்பி முளை மணலுக்கு உதவவே உதவாது. கடற்கரை மணலுக்கு ஓரடி நீளத்துக்குக் குறையாத, ‘V’ மாதிரி மடிந்த அகல முளை வேண்டும், அதையும் டென்டுக்கு எதிர்ப்பக்கமாகத் தலை சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். இதைவிட உறுதி, செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. காலிச் சிமென்ட் சாக்கில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை நடுவில் முடிந்து, ஒன்றரை அடிப் பள்ளத்தில் படுக்கவைத்து மூடிவிடுங்கள். தோப்புக்காரர் சொல்லிக் கொடுத்தது இது, இரண்டாம் முறை போனபோது நாலு மூலைக்கும் இதைத்தான் செய்தோம், அசையவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்குப் போனால் கதை நேர்மாறு. செம்மண் காய்ந்து இறுகிக் கிடக்கும், மெல்லிய முளை வளைந்துவிடும், தடித்த இரும்பு முளையும் சுத்தியலும் கொண்டு போங்கள். கயிறுகளில் வெள்ளைத் துணி நாடா கட்டி விடுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள்.

5. வண்டியில் போகுமா?

மடித்த பையின் நீளத்தைக் கேட்டு, உங்கள் கார் டிக்கியை அளந்து பாருங்கள். ஒரு மீட்டருக்கு மேல் நீளமான பை சின்னக் காரில் குறுக்கே நுழையாது, சீட்டை மடக்க வேண்டிவரும், அப்போது ஒரு ஆள் குறையும்.

6. வாங்குவதும் காகிதங்களும்

முடிந்தால் நேரில் போய், கடையில் விரித்து வைத்திருக்கிற டென்டுக்குள் நுழைந்து படுத்துப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைன்தான் என்றால் கீழே சொல்வதை விட்டுவிடாதீர்கள், நான் விட்டதால் பணம் போனது.

பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி ஆரம்பித்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். கம்பி, முளை, கயிறு எல்லாவற்றையும் எண்ணிக் காட்டுங்கள். பில்லில் மாடல் பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள், போனில் ஒரு நகல், வீட்டில் அச்செடுத்து ஒன்று. வாரன்ட்டி அட்டையில் எதற்கெல்லாம் கிடையாது என்ற பகுதியை முதலில் படியுங்கள். வெயிலில் வெளுத்துப் போவதையும் காற்றில் கிழிவதையும் பெரும்பாலும் விலக்கித்தான் வைத்திருப்பார்கள். திருப்பிக் கொடுக்கும் கடைசித் தேதியை அன்றே காலண்டரில் வட்டமிடுங்கள். ஏழு நாள், பத்து நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிற மாதிரி ஆர்டர் போடுங்கள், ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

என் முதல் டென்டை விற்றவர், பயன்படுத்திய பொருள் என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். பிரித்த வீடியோ என்னிடம் இல்லை, தையலில் நாடாவே இல்லாமல் வந்ததை நிரூபிக்க முடியவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் பதிந்தேன். ஐந்து வாரம் இழுத்து, பாதிப் பணம் வந்தது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, ஆன்லைனில் விற்கும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாருக்கு ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு எழுதினால் பதிலின் தொனியே மாறுகிறது. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில்லும் வீடியோவும் இல்லாமல் எங்கே போனாலும் பேச்சு நிற்காது.

7. மொட்டை மாடியில் ஒத்திகை

திருப்பிக் கொடுக்கும் தேதிக்கு முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாடியில் டென்டை நிறுத்துங்கள். முளை அடிக்க முடியாது, அதனால் மூலைக்கு ஒன்றாக நிரம்பிய 20 லிட்டர் தண்ணீர் கேனில் கயிற்றைக் கட்டுங்கள், ஒவ்வொன்றும் 20 கிலோ, அசையாது. எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். எங்களுக்கு முதல் முறை ஒன்றேகால் மணி நேரம், மூன்றாம் முறை 25 நிமிஷம். இருட்டில் புதிய இடத்தில் இறங்கிப் பிள்ளைகள் பசியென்று அழும்போது இதன் அருமை தெரியும்.

பிறகு குழாய் வைத்து மேலிருந்து ஒரு 20 நிமிஷம் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து தையல், ஜிப், மூலை எல்லாம் தடவிப் பார்க்கட்டும். நிறைய ஒழுகினால் திருப்பிவிடுங்கள். ஒரு சொட்டு இரண்டு சொட்டு என்றால் தையல் அடைக்கிற பசை தடவினால் சரியாகும், காய ஒரு நாள் விட வேண்டும். திருப்பித் தருகிற எண்ணம் இருந்தால் நன்றாகக் காயவைத்து, பெட்டி, அட்டை எதையும் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

அடியில் தார்ப்பாய் விரிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது டென்டின் தரையைவிட நாலு விரல் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து வழிகிற தண்ணீரையெல்லாம் பிடித்து அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இரண்டாம் முறை எனக்கு ஆன செலவு: பெரிய டென்ட் 18,900, சின்னது 3,600, அகல முளைகள் 1,100, தார்ப்பாய் 900, பசை 450, கூடுதல் கயிறு 300. மொத்தம் 25,250 ரூபாய். டென்டின் விலையை மட்டும் பட்ஜெட்டில் வைத்தால் மேற்கொண்டு பத்தில் ஒரு பங்காவது கையைக் கடிக்கும்.

8. எங்கே, எப்போது

பொங்கல் முடிந்து மாசி வரை நம் பக்கத்துக்கு நல்ல காலம். சித்திரை, வைகாசியில் கடலோரத்தில் டென்டுக்குள் படுக்கவே முடியாது, அப்போது மலைப்பக்கம் போங்கள். ஐப்பசி முதல் மார்கழிப் பாதி வரை வேண்டவே வேண்டாம். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2024 நவம்பரில் ஃபெஞ்சலையும் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தனியார் தோப்பு என்றால் உரிமையாளரிடம் தேதி, ஆள் கணக்கு போட்டு வாட்ஸ்அப்பில் சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யாராவது வந்து கேட்டால் காட்டலாம். பெரியவர்கள் ஆதார் நகல் கையில் இருக்கட்டும். காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். திறந்த கடற்கரையில் ராத்திரி டென்ட் போட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன, வெளிச்சத்தைக் கண்டால் அவை திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் திசை மாறிப் போகும்.

டென்டுக்குள் கொசுவத்திச் சுருள், அடுப்பு, மெழுகுவத்தி எதுவும் கூடாது. துணி நொடியில் பற்றிக்கொள்ளும், அடுப்புப் புகையில் இருக்கிற நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கொசுவலை ஜிப்பை மூடினாலே போதும்.

9. திரும்பி வந்ததும்

கடலோரம் போய் வந்தால் அன்றோ மறுநாளோ நல்ல தண்ணீரில் அலசுங்கள், சோப்புத்தூள் வேண்டாம். ஜிப்பிலும் கம்பி முனைகளிலும் இருக்கிற மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். நிழலில், மடிப்பு இடுக்கெல்லாம் காய்கிற வரை காயவையுங்கள், எங்களுக்கு இரண்டு நாள் பிடிக்கும். ஈரத்தோடு கட்டிவைத்தால் பூஞ்சை மட்டும் இல்லை, உள்பூச்சே பிசுபிசுத்து உரிந்து நாற்றமெடுக்கும், அதை அப்புறம் சரி செய்யவே முடியாது. பழைய பருத்திச் சேலையில் தளர்வாகச் சுற்றி வீட்டுக்குள் அலமாரியில் வைக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே, பரணில் வைக்காதீர்கள், வெக்கையும் எலியும் சேர்ந்து அடுத்த தை மாதத்துக்குள் கதையை முடித்துவிடும்.